வகுப்பறைக் கருத்தறிதலில் பதிவு எண் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மாணவர்கள் கைப்பேசி வழியாகத் தம் பெயர் தெரியாமல் விடையளிக்கவும் சந்தேகம் கேட்கவும் உதவும் மென்பொருள்கள் நம் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டன. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதை வரவேற்கிறேன். ஆனால், நிர்வாகங்கள் சில இவற்றைக் கையாளும் விதம் கவலை தருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

"புரிகிறதா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "புரியுது சார்" என்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். நேர் மேலே எறியப்பட்ட கல் உச்சியை எட்டும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டு, விடைகளைப் பெயரின்றித் திரையில் காட்டினால் உண்மை நிலை தெரிந்துவிடும். அந்தக் கணத்தில் சுழியாவது திசைவேகம் மட்டுமே; புவியீர்ப்பு முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி² என்ற அதே அளவில்தான் இருக்கிறது. ஆயினும், சற்றுமுன் தலையாட்டியவர்களில் எத்தனை பேர் 'சுழி' என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதைத் திரையில் உயரும் பட்டை காட்டிக்கொடுக்கும். இயக்கச் சமன்பாடுகளைத் தேர்வில் பிழையின்றி எழுதுபவர்களும் இதில் சறுக்குவதுண்டு.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலேயே இத்தகைய கேள்விகளைச் சுற்றித் தம் இயற்பியல் வகுப்பை மாற்றியமைத்தார். மாணவர் முதலில் தனியே விடையளிப்பார். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், ஆசிரியர் விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்வார். பிறகு மறுபடியும் விடை கேட்கப்படும். அதைவிடக் குறைந்தால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டியதுதான். தொடக்கத்தில் கையை உயர்த்தியும் அட்டையைக் காட்டியும் நடந்த இந்த முறைக்கு மின்னணுக் கருவிகள் பின்னால்தான் வந்தன. இன்று மென்டிமீட்டர், ஸ்லைடோ போன்ற மென்பொருள்களில் திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலே போதும். மாணவர் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

இங்கே பெயர் மறைவது வெறும் வசதியன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் வந்து அமரும் மாணவி, ஒரு சொல் விளங்கவில்லை என்று எழுந்து நின்று கேட்கத் தயங்குவது இயல்பு. தவறாகக் கேட்டுவிட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தோடு, அகமதிப்பெண் ஆசிரியரின் கையில் இருக்கிறதே என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துத் தாள்களில் நூற்றுக்கு 40 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு உரியது என்பதை நினைத்தால், அந்த அச்சத்தைக் குறைசொல்ல முடியாது.

ஆனால், எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் இந்த மென்பொருளைக் கல்லூரி மின்னஞ்சலோடு இணைத்து, பதிவு எண்ணை உள்ளிட்ட பிறகே விடையளிக்க முடியும்படி செய்திருக்கிறார்கள். வருகைப் பதிவையும் அதிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கூறும் காரணம். அதோடு, ஒவ்வொரு வகுப்பின் முடிவுகளும் ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டுக்கென்று துறைத் தலைவருக்குச் செல்கின்றன. விளைவை ஊகிப்பது கடினமன்று: மாணவர் பக்கத்து இருக்கையைப் பார்த்து விடையைத் தட்டுகிறார், ஆசிரியரோ எல்லோரும் சரியாகச் சொல்லக்கூடிய எளிய கேள்விகளாகப் பார்த்துக் கேட்கிறார்.

பருவ இறுதியில் நிரப்பப்படும் கருத்துப் படிவங்கள் ஏற்கெனவே இப்படித்தான் சடங்காகிவிட்டன. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அவையான நாக்கின் அங்கீகாரத்துக்கான கோப்பில் சேர வேண்டும் என்பதற்காக அவசரமாக நிரப்பச் சொல்லும்போது, மேலிருந்து கீழ்வரை 'மிக நன்று' என்றே குறித்துவிட்டுப் போகும் மாணவர்கள் உண்டு. உண்மையாகவே நிரப்பினாலும் அதன் பயன் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான். வகுப்பின் நடுவே கிடைக்கும் கருத்தோ அந்த மணி நேரத்திலேயே பாடத்தைத் திருத்த உதவுகிறது.

பெயரில்லாத இடத்தில் பண்பில்லாத சொற்களும் வரும், குறிப்பாகப் பெண் ஆசிரியர்களைக் குறித்து, என்ற கவலையை நான் ஒதுக்கவில்லை. அதற்குப் பதிவு எண் கேட்பது தீர்வாகாது. எழுதப்படும் கருத்துகள் நேரே திரையில் தோன்றாமல் முதலில் ஆசிரியர் பார்வைக்கு மட்டும் வருமாறு அமைக்கலாம். தொடக்கத்தில், கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. எட்டுப் பேர் மட்டுமே படிக்கும் முதுகலை வகுப்பில் எழுத்து நடையே ஆளைக் காட்டிவிடும் என்பதால் அங்கே இந்த ஏற்பாடே தேவையில்லை.

எனவே, வகுப்பறைக் கருத்தறிதலில் மாணவரின் பெயரோ பதிவு எண்ணோ கேட்கப்படக் கூடாது என்றும், அதன் முடிவுகள் ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படக் கூடாது என்றும் பல்கலைக்கழகங்கள் தம் இணைப்புக் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை வாயிலாகத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். கைப்பேசிக்குத் தடை உள்ள கல்லூரிகளும், இணைய வசதி குறைந்த கல்லூரிகளும் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு நிற அட்டைகளில் தம் விடைக்கு உரியதை நெஞ்சுக்கு நேரே பிடித்து ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி காட்டச் சொன்னால், சக மாணவர்களின் பார்வையிலிருந்தாவது விடை மறைந்திருக்கும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.