ஆடிப்பட்ட விதை: ஞாயிறு காலை மொட்டை மாடியில்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆடிக்கு விதைகளைச் சேர்ந்தே வாங்குவோம். போன வருஷம் நான் தனியாக வாங்கிய வெண்டையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கடைக்காரர் பில்லைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. மனசு விட்டுப்போச்சு.

ஜூலை 19, ஞாயிறு காலை 7 மணி.

1. வெண்டை, கத்தரி, அவரை, புடலை: எது, எத்தனை பாக்கெட் என்று வெள்ளிக்குள் இங்கே எழுதுங்கள். காலாவதி தேதி பார்த்தே வாங்குவோம்.

2. பழைய விதையை வீசாதீர்கள். 10 விதையை ஈரத்துணியில் சுற்றி 5 நாள் (கத்தரி, புடலை என்றால் இரண்டு வாரம் வரை) வையுங்கள்; துணி காயக் கூடாது. 7 முளைத்தால் தாராளமாக விதைக்கலாம்.

3. பால்கனித் தொட்டிக்கு அடியில் தட்டு அவசியம். கீழ்வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் செம்மண் கறை. பாவம், மறுபடி துவைத்தார்கள்.

4. கறிவேப்பிலை பறிக்குமுன் வளர்த்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வருகிறவர்கள் வீட்டு எண்ணுடன் பதில் போடுங்கள்.