ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி

அன்பு மகளுக்கு,

பயிற்சிக்குப் போயிருக்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள் என்றும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லை போலும் என்றும் நீ சொன்னதிலிருந்து மனம் அதிலேயே இருக்கிறது. அவர்கள் உன் தம்பியோடு ஒரே ஆண்டில் பள்ளியில் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த அவர்கள், இரண்டாம் வகுப்பு முழுவதையும் பள்ளி வாசலை மிதிக்காமலே முடித்து, 2021 நவம்பர் 1 அன்றுதான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக உள்ளே போனார்கள்.

அப்போது ஊரே பத்தாம் வகுப்புத் தேர்வைப் பற்றித்தான் பேசியது. 2020 ஜூன் 9 அன்று அது ரத்தாகி, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் என்று கணக்கிட்டு உங்களுக்குத் தேர்ச்சி கொடுத்தார்கள். (உனக்கு அதில் மனக்குறைதான்.) சின்னவர்களைப் பற்றிக் கேட்பாரில்லை.

வீட்டில் இருந்த ஒரே கைபேசி உன் வகுப்புக்குப் போனதால், தம்பிக்குக் கல்வித் தொலைக்காட்சி. ஆசிரியை சொல்லச் சொல்ல அவனும் சொல்லி, பாட்டு முழுவதையும் தடங்கலின்றி ஒப்பித்தான். வரியில் விரல் வைத்துப் படிக்கச் சொன்னபோது, வாய் நான்காம் வரிக்குப் போய்விட, விரல் இரண்டாம் வரியிலேயே நின்றது. கா, கி, கீ எல்லாம் தெரிந்தவன், ஒவ்வொரு எழுத்துக்கும் உருவம் ஒவ்வொரு விதமாக மாறும் உகர, ஊகார வரிசைக்கு வந்ததும் மு எது, மூ எது என்று திணறினான். பள்ளியில் மாதக்கணக்கில் எழுதிப் பழக்குவது அது.

பிறகு தினசரி காலண்டர் தாளைக் கையில் கொடுத்தேன். ராசிபலன் 'வரவு', 'செலவு', 'நட்பு', 'கோபம்' என்று ஒற்றைச் சொல்லாக இருக்கும். தினமும் மாறுவதால் மனப்பாடம் செய்ய வழியில்லை. பன்னிரண்டையும் படித்து, யாருக்கு என்ன பலன் என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பால் குடிப்பான். உன் ராசிக்குக் 'கோபம்' வந்த நாளில் அவனுக்கு எத்தனை ஆனந்தம்!

நான் படித்தவள், வீட்டிலும் இருந்தேன், அதனால் முடிந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் கூலி வேலைக்கு ஓடிய தாய்மார்களைக் கவனிக்காதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே வந்து சொல்லிக்கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபரில் வந்து ஓரளவு கைகொடுத்தது உண்மை. ஆனால், 2022 ஜூனில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கியபோது, இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஆகவே அவர்களை எழுப்பி நிறுத்தி வாய்விட்டுப் படிக்கச் சொல்லாதே; பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோழர்கள் முன்னால் அது பெரிய அவமானம். உணவு இடைவேளையில் ஒருவர் ஒருவராக அருகில் உட்காரவைத்து, முன்பின் படித்திராத நான்கு வரியைக் கொடுத்துப் பார். உகர வரிசையில் நிற்கிறார்களா, கொம்பு போடும் எழுத்துகளிலா, மெய்யெழுத்திலா என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா