செயலாளர் ஆண்டறிக்கை: சண்டு வழக்குகளைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காலனி ஆட்சிக்காலச் சிங்கப்பூரில், அபின் கடத்தல்காரர் என்று அதிகாரிகள் சந்தேகித்தவர்களை ஏன் தண்டிக்க முடியாமல் போயிற்று? சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, சங்கம் இந்த ஆண்டு படிக்க எடுத்துக்கொண்டது இதைத்தான். கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. புக்கிட் சண்டு குன்றுக்கும் போய் வந்தோம். அதன் அடிவாரத்தில் சண்டு, அதாவது புகைப்பதற்காகக் காய்ச்சிப் பக்குவப்படுத்திய அபின், தயாரிக்கும் ஆலை இருந்ததால் வந்த பெயர் அது.

ஆலையை நடத்தியது அரசு. 1909 முடியும்வரை அபின் விற்கும் உரிமை தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. குத்தகைதாரர்களே ஆள் வைத்துத் திருட்டுச் சரக்கைப் பிடித்தார்கள். 1910இல் அரசு வணிகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பல ஆண்டுகள் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து வந்தது. அரசு விலையைக் கூட்டக் கூட்டக் கடத்தலில் லாபமும் கூடியது. பிடிபட்டவர்மேல் வந்த குற்றச்சாட்டு, அரசு விற்காத சண்டுவை வைத்திருந்தார் என்பதே. இதைப் பேசிய மாதம் விவாதம் நேரம் போவது தெரியாமல் நீண்டது, நீண்டதும் நியாயமே.

சரி, வழக்கு எங்கே சறுக்கியது? கப்பலின் நிலக்கரி அறையில் அபின் அகப்படும். அந்த இடத்துக்குப் பல மாலுமிகள் வந்து போவார்கள். யாருடைய சரக்கு என்று எப்படி நிரூபிப்பது? சரக்கு பறிமுதலாகும், குற்றவாளிக்கூண்டு காலியாக இருக்கும். பணம் போட்ட முதலாளி சரக்கைத் தொடுவதே இல்லை. துப்புக் கொடுத்தவரைச் சாட்சி சொல்ல அழைத்தால் அவர் உயிருக்கு ஆபத்து, அடுத்த துப்பும் கிடைக்காது. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் எல்லாச் சரக்கையும் திறந்து பார்க்கவும் வழியில்லை. மாட்டியவர்கள் பெரும்பாலும் கூலிக்குச் சுமந்த ஏழைகள்.

நீதிமன்றத்தில் நிற்காததை நாடுகடத்தல் சட்டத்தால் முடித்தார்கள். 1888ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, விசாரணை இல்லாமலே ஆளுநர் ஒருவரை வெளியேற்றலாம். பிறப்பால் பிரிட்டிஷ் குடிமகனாக இருப்பவர்மேல் அது செல்லாது. ஆகவே ஒருவர் சீனாவில் பிறந்தாரா, சிங்கப்பூரில் பிறந்தாரா என்பதே அவர் தலைவிதியைத் தீர்மானித்தது. கடத்தலை நான் சிறிதும் ஆதரிக்கவில்லை. ஆனாலும் சந்தேகத்தை மட்டும் வைத்து ஒருவரைக் கப்பலேற்றி அனுப்பியது அநியாயம் என்பதே செயற்குழுவில் பலரின் கருத்து, என் கருத்தும் அதுதான். இது அறிக்கையில் பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன்.

அபின் புகைப்பதை முற்றிலும் தடை செய்யப்போவதாக பிரிட்டன் அறிவித்தது 1943இல், சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தபோது. போருக்குப் பின், அபினுக்கு அடிமையானவர்களுக்காகச் செயின்ட் ஜான்ஸ் தீவில் 1955இல் சிகிச்சை நிலையம் திறந்தார்கள். வரும் ஆண்டில் அதைப் பற்றிப் படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அப்புறம், சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே அவரிடம் செலுத்திவிடுங்கள். நூலகத்திலிருந்து எடுத்துப்போன புத்தகங்களையும் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்