குதிரையை விற்ற மேயர்

அன்புள்ள நண்பா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, முட்டிவலி பரவாயில்லை, பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை டெட்ராய்ட் நகருக்குள் கூட்டிப்போனார்கள். கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பெரியவரின் சிலை. ஹேசன் பிங்கிரி என்று பெயர், 1890 முதல் 1897 வரை இந்த ஊர் மேயர். வீட்டுக்கு வந்து அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறு நினைப்பே ஓடவில்லை.

சின்ன வயதில் செருப்புத் தொழிற்சாலையில் கூலி வேலை, அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய். 1864இல் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் கிடந்தார். அங்கே பசியிலும் நோயிலும் செத்தவர்கள் கிட்டத்தட்ட 13,000 பேர். தப்பிப் பிழைத்தவர் டெட்ராய்ட் வந்து சொந்தமாகச் செருப்புத் தொழிற்சாலை நடத்திப் பணக்காரர் ஆனார். நம் ஆள் என்று நம்பித்தான் முதலாளிகள் அவரை மேயர் தேர்தலில் நிறுத்தினார்கள், ஆனால் அவர் டிராம் கம்பெனியோடும் எரிவாயுக் கம்பெனியோடும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டினார், 1895இல் தெருவிளக்குக்கு நகராட்சியே மின்சாரம் தயாரிக்கும்படி செய்தார்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. 1893இல் வங்கிகள் கவிழ்ந்து வேலை போய் ஊரே பசியில் கிடந்தபோது, மறு வருடம் சும்மா கிடந்த மனைகளை உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கி, ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்து உருளைக்கிழங்கும் பீன்ஸும் போடச் சொன்னார். சுமார் 430 ஏக்கர், 945 குடும்பம். பத்திரிகைகள் அவரை உருளைக்கிழங்கு பிங்கிரி என்று கேலி செய்தன, தேவாலயங்களில் வசூலித்த பணமோ மிகக் கொஞ்சம், கடைசியில் மனிதர் தன் குதிரையையே ஏலத்தில் விற்று விதைக்குக் காசு சேர்த்தாராம்! முதல் அறுவடையிலேயே கேலி அடங்கிவிட்டது, மற்ற நகரங்களும் அதையே செய்தன.

முகாமில் கண்ட பசிதான் அவரை இப்படி ஓட வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ ரேஷன் கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவன், கியூவில் நின்றவர்களின் முகம் உனக்குத் தெரியும், அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

குறையில்லாதவர் என்று சொல்லமாட்டேன். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக்கே ஆளுநரான பிறகும் மேயர் பதவியை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார், நீதிமன்றம்தான் விடவைத்தது. 1901இல் லண்டனில் இறந்தார், வயது 60.

சிலையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், நேரில் காட்டுகிறேன். தங்கைக்கு ஆபரேஷன் முடிந்ததா? அதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்