செப்டம்பர் 28, பாதுகாப்பான கருக்கலைப்பு நாள் கூட்டத்துக்கு கூட நின்ன எல்லாருக்கும்

பேனர்ல எல்லா அமைப்போட பேரையும் போட இடம் பத்தாம, யார் பேர் மேல யார் பேர் கீழன்னு ஒரு பஞ்சாயத்து ஓடி, கடைசில யார் பேரும் வேணாம் விஷயத்தை மட்டும் போடுவோம்னு முடிவு பண்ணோம்ல, அதனால இந்த நன்றி மடல்லயும் யார் பேரும் இல்ல. படிக்கும்போதே அட நம்மளத்தான் சொல்றாங்கன்னு தெரிஞ்சிடும். தெரியலன்னா போன் போட்டு திட்டுங்க.

முதல்ல கண்ணகி நகர், பெரும்பாக்கத்துல இருந்து வந்த வீட்டுவேலை சங்கத்து அக்காங்க. ஞாயித்துக்கிழமையும் காலைல ரெண்டு வீட்டு வேலைய முடிச்சிட்டு, பஸ் மாறி மாறி எழும்பூர் வரைக்கும் வந்தீங்க. நீங்க வந்து உக்காந்த அப்புறம்தான் அது கூட்டமாவே ஆச்சு, அதுக்கு முன்னாடி நாங்க படிச்சவங்க நாலு பேரு ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சதையே சொல்லிட்டு இருந்தோம்.

வக்கீல் மேடம் வந்தா சட்டத்த பக்கம் பக்கமா பேசுவாங்கன்னு எல்லாரும் பயந்துட்டு இருந்தோம், அவங்க ஒரே ஒரு பேப்பர்தான் கொண்டு வந்தாங்க. ஃபார்ம் சி, அதாவது கருக்கலைப்புக்கு ஆஸ்பத்திரில வாங்குற சம்மதப் படிவம். இன்னாரோட மகள் இல்லன்னா மனைவி, வயசு இவ்ளோ, விலாசம் இது, என் கர்ப்பத்த கலைக்க சம்மதிக்கிறேன், கீழ கையெழுத்து, அவ்ளோதான் விஷயம். முன் வரிசை அக்கா ஒருத்தங்க அத வாங்கி முன்னயும் பின்னயும் திருப்பி திருப்பி பாத்துட்டு "இதுல புருஷன் எங்கம்மா போடணும்?"னு கேட்டாங்க. அவர் போட இடமே கிடையாதுக்கா, உங்களுக்கு 18 வயசு ஆயிடுச்சுன்னா நீங்க போட்டா போதும், மனநலம் சரியில்லாதவங்களுக்கும் மைனருக்கும் மட்டும்தான் கார்டியன் போடணும்னு மேடம் சொன்னாங்க. அந்த அக்கா பேப்பர மடியில வெச்சிக்கிட்டு "அப்புறம் எதுக்கு அவர் ஊருல இருந்து வந்தாதான் ஆச்சுன்னு என்னைய அலைய விட்டானுங்க"ன்னு கேட்டாங்க பாருங்க, யார்கிட்டயும் பதில் இல்ல. எந்த ஆஸ்பத்திரின்னு இங்க எழுதப் போறதில்ல. அந்த ஹால்ல பாதிப் பேருக்கு அதே கதைதான், ஆஸ்பத்திரி மட்டும் வேற வேற. அக்கா, அத்தனை பேர் முன்னாடி அத சொன்னதுக்கு உங்களுக்கு தனியா ஒரு கும்பிடு.

டாக்டர் அம்மாவுக்கு நன்றி. 1971 கருக்கலைப்பு சட்டத்த 2021ல திருத்துனாங்க, அதுப்படி 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒத்துக்கிட்டா போதும், 20ல இருந்து 24 வாரம்னா ரெண்டு டாக்டர், அதுவும் விதியில சொல்லியிருக்குற சில பேருக்குத்தான். கல்யாணம் ஆகாதவங்களுக்கும் அந்த 24 வாரம் உண்டுன்னு 2022 செப்டம்பர் 29ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இதையெல்லாம் காலண்டர் மாட்டி வாரத்த எண்ணிக் காட்டி புரிய வெச்சாங்க. கலைக்க வந்தா காப்பர் டி போட்டுக்கிட்டாதான், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டாதான்னு சில எடத்துல கண்டிஷன் போடுறாங்களேன்னு கேட்டப்ப, மழுப்பாம அது தப்புன்னு நேரா சொன்னாங்க, அவங்க ஃபீல்டுல இருந்துக்கிட்டு அப்படி சொல்றது சும்மா இல்ல. நம்ம தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்கள்ல பாதிக்கும் மேல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கதான், ஆம்பளைங்க நூத்துல ஒருத்தர் கூட தேற மாட்டாங்க, இத சொன்னப்ப பின்னாடி நின்ன சங்கத்து அண்ணனுங்க எல்லாம் செல்போன பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

இப்ப யாருக்கு அதிகமா நன்றி சொல்லணுமோ அவங்ககிட்ட வரேன். மாற்றுத்திறனாளி பெண்கள் குழு. நோட்டீஸ் டிராஃப்ட் சுத்தி வந்தப்ப எல்லாரும் ஓகே ஓகேன்னு தம்ஸ் அப் போட்டோம், நீங்க மட்டும்தான் ஒரு வரிய பிடிச்சி நிறுத்துனீங்க. "குழந்தைக்கு குறை இருந்தா 24 வாரத்துக்கு மேலயும் கலைக்கலாம்"ங்கிற வரி. சட்டத்துல மருத்துவக் குழு பாத்து பெரிய அளவுல பிரச்சினை இருக்குன்னு சொன்னா அப்படி ஒரு வழி இருக்கு, உண்மைதான், ஆனா அத நோட்டீஸ்ல ஏதோ ஆஃபர் மாதிரி போட்டா எங்கள மாதிரி ஆளுங்க பொறக்கவே வேணாம்னு நீங்களே அச்சடிச்சு குடுக்குற மாதிரி இருக்குன்னு சொன்னீங்க. சண்டைதான். ராத்திரி வரைக்கும் வாய்ஸ் மெசேஜ், ரெண்டு பேர் குரூப்ப விட்டே போயிட்டாங்க, திரும்ப சேத்தோம். அப்பதான் உங்கள்ல ஒரு தங்கச்சி சொன்னது, "உங்களுக்கெல்லாம் கலைக்க விட மாட்டேங்கிறாங்கன்னு பிரச்சினை, எனக்கு பெத்துக்க விட மாட்டேங்கிறாங்கன்னு பிரச்சினை, ரெண்டும் ஒரே நோட்டீஸ்ல வருமா வராதா?" வக்கீல் மேடம் உடனே 2009 தீர்ப்ப எடுத்துப் போட்டாங்க, சண்டிகர்ல அரசு விடுதியில இருந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பொண்ணு, பாலியல் கொடுமையால கர்ப்பம், ஹைகோர்ட் கலைக்கச் சொல்லுச்சு, அந்தப் பொண்ணு பெத்துக்கணும்னு சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட் அந்தப் பொண்ணு சம்மதம் இல்லாம கலைக்கக் கூடாதுன்னு நிறுத்துச்சு. அந்த வழக்குதான் கடைசில நம்ம நோட்டீஸோட முதல் பாரா ஆச்சு. மருத்துவக் குழு விஷயத்த கீழ ஒரு வரியில நிதானமா எழுதுனோம். இன்னும் அந்த சட்டப் பிரிவே இருக்கணுமா வேணாமான்னு நமக்குள்ள ஒத்துப் போகல, ஒத்துப் போகாமயே ஒண்ணா நோட்டீஸ் குடுத்தோம், எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது.

திருநம்பி தம்பிங்க ரெண்டு பேரு, பெண்ணுன்னு மட்டும் எழுதுனா நாங்க எங்க போறதுன்னு கேட்டீங்க, அதே 2022 தீர்ப்புலயே இதுக்கும் இடம் இருக்குன்னு தேடி எடுத்து குடுத்ததும் நீங்கதான். நன்றிப்பா.

அயர்லாந்துல நர்ஸா இருக்குற தங்கச்சி, லீவுல வந்த எடத்துல நம்ம மேடையில ஏறி பேசுனதுக்கு நன்றி. சவிதா ஹலப்பனவர், கர்நாடகாவுல பொறந்த பொண்ணு, 2012ல அங்க கரு கலைய ஆரம்பிச்ச அப்புறமும் டாக்டருங்க சட்டத்த காட்டி கை வைக்கல, ரத்தத்துல நச்சு ஏறி செத்துப் போனாங்க. 2018 மே மாசம் ஓட்டு போட்டு அந்த சட்டத்த எடுத்தாங்க, அதுக்கு டாக்டர், மாணவி, வக்கீல்னு ஏகப்பட்ட குழு ஒரே பேர்ல ஒண்ணா வேலை பாத்தாங்கன்னு நீங்க சொன்னப்ப எங்க பேனர் பஞ்சாயத்து ஞாபகம் வந்து சிரிப்பு வந்துடுச்சு.

வண்ணாரப்பேட்டை டெய்லர் அண்ணன், பச்சைத் துணி அத்தனையும் கூலி வாங்காம ஓரம் அடிச்சு குடுத்தீங்க. செப்டம்பர் 28 லத்தீன் அமெரிக்காவுல ஆரம்பிச்ச நாள், அர்ஜென்டினா பொண்ணுங்க பச்சை ஸ்கார்ஃப் கட்டித்தான் போராடி 2020 டிசம்பர்ல சட்டத்த வாங்குனாங்க, அதான் பச்சை. ஆனா நம்மூர்ல பச்சைத் துண்டுன்னா வேற அர்த்தம் இல்லையா, ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோ அண்ணன் ஒருத்தர் விவசாய சங்கமா மேடம், காவிரித் தண்ணியான்னு கேட்டார். நோட்டீஸ் குடுத்தோம், படிச்சிட்டு வீட்டுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணுன்னு ரெண்டு வாங்கிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.

காலேஜ் பொண்ணுங்க மெடிக்கல் ஷாப் ஷாப்பா ஏறி இறங்குனீங்க. 72 மணி நேரத்துக்குள்ள போடுற அவசர கருத்தடை மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமயே விக்கலாம், நம்ம சென்னையில கேட்டா ஏதோ கஞ்சா கேட்ட மாதிரி பாக்குறாங்க. மேடை ஏறுன அந்த ஒரு மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு பெரிய நன்றி, இதையும் கலைக்கிற மாத்திரையையும் ஒண்ணுன்னு நெனச்சிக்கிறாங்க, அதுக்கு சீட்டு வேணும் இதுக்கு வேணாம், அதுக்கு மேல ஆணா பொண்ணான்னு ஸ்கேன்ல பாக்கக் கூடாதுங்கிற 1994 சட்டத்தையும் போட்டு குழப்பிக்கிட்டு, எதுக்கு வம்புன்னு ஸ்டாக்கே வெக்கிறதில்லன்னு உள்ளத உள்ளபடி சொன்னார். தப்பு எங்க கடைக்காரங்க மேலயும் இருக்குன்னு கடைக்காரரே சொல்றது லேசுப்பட்ட விஷயமா?

மைக் செட் தம்பி, டீ போட்ட அம்மா, குழந்தைங்கள பாத்துக்கிட்ட அங்கன்வாடி டீச்சர், ஹால் குடுத்த சங்கம், எல்லாருக்கும் நன்றி. சேர் வாடகை பாக்கி செட்டில் பண்ணியாச்சு.

அடுத்து போக்சோ, அதாவது குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான சட்டம். 18 வயசுக்கு கீழ ஒரு பொண்ணு கலைக்க வந்தா டாக்டர் போலீசுக்கு சொல்லியே ஆகணும், ஆனா பொண்ணும் கார்டியனும் கேட்டுக்கிட்டா அந்தத் தகவல்ல பேர சொல்ல வேண்டியதில்லன்னு 2022 தீர்ப்பு சொல்லுது. இதுல குழந்தைகள் உரிமைக்கு வேலை பாக்குறவங்க ஒரு பக்கம், நாம ஒரு பக்கம்னு இப்பவே குரூப்ல பொகைய ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த மாசம் அவங்களையும் கூப்பிட்டு உக்காந்து பேசுறோம், தேதி சொல்றேன், அதே ஹால்தான். குரூப்ப விட்டு போறவங்க கூட்டம் முடிஞ்ச அப்புறம் போங்க.