‘சம்மதமா?’ என்று கேட்கும் நடுவர்களுக்கு

மதிப்பிற்குரிய நீதித்துறை நடுவர் அவர்களுக்கு,

வணக்கம். ‘உண்மை கண்டறியும் சோதனைக்குச் சம்மதமா?’ என்று நடுவர் கேட்க, எதிரில் நின்றவர் ‘சம்மதம்ங்கய்யா’ என்று சொன்னதை வழக்கறிஞராக நேரில் பார்த்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் அவர் கண் ஒருமுறை பின்னால் நின்ற இன்ஸ்பெக்டரிடம் போய்த் திரும்பியது. அது மட்டும் பதிவாகவில்லை.

முதலில், அந்தப் பெயரே சரியில்லை. இந்தச் சோதனைக்கு வைக்கும் பாலிகிராப் கருவிக்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, தோலின் வியர்வை இவற்றைக் கோடு கோடாகப் போடும், அவ்வளவுதான். பொய் சொன்னால் நெஞ்சு படபடக்கும், பயந்தாலும் படபடக்கும். வீட்டில் 130 காட்டும் என் பிரஷர், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் 150க்குப் போய்விடுகிறது. கொலை வழக்கில் உட்காரவைத்தால் எங்கே போய் நிற்குமோ!

கல்நெஞ்சக்காரர்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. அமெரிக்காவில் கேரி ரிட்ஜ்வே 1984இல் இந்தச் சோதனையில் தேறினார். 2001இல் டி.என்.ஏ. அவரைக் காட்டிக்கொடுத்தது, 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டார். சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், சோவியத்துக்கு உளவு சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே இரண்டு முறை தேறியவர்.

சரி, இந்தச் சோதனையையே நிறுத்துங்கள் என்று உங்களிடம் கேட்க முடியாது. ஆனால் சம்மதம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், கட்டாயப்படுத்தி யாருக்கும் இதைச் செய்யக்கூடாது என்றது. சம்மதித்துச் செய்தாலும் சோதனை முடிவு தன்னளவில் சாட்சியம் ஆகாது; அதன் வழியாகப் பிறகு கண்டெடுக்கும் பொருளோ தகவலோதான் ஏற்கப்படலாம் என்றும் சொன்னது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் வகுத்த நெறிமுறைகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும் சொன்னது. அவற்றில் உங்களுக்கென்றே ஒரு வரி இருக்கிறது: அந்த ஆள் எத்தனை நாள் காவலில் இருந்தார், எப்படி விசாரிக்கப்பட்டார் என்பதையெல்லாம் நடுவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதைத்தான் கேட்கிறேன். எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார் என்று கேளுங்கள். தூங்கினாரா, அடி விழுந்ததா என்று கேளுங்கள். பக்கத்தில் அவருடைய வழக்கறிஞர் இருக்கிறாரா என்று பாருங்கள். சோதனையில் சொல்வது உங்களிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீஸிடம் சொன்ன வாக்குமூலமாகத்தான் கொள்ளப்படும் என்பதை அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். அதுவும் அந்த நெறிமுறையில் உள்ளதுதான். வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு என்பதை அவர் உங்கள் வாயால் கேட்கவேண்டும். மறுநாள் பேப்பரில் ‘சோதனைக்கு மறுப்பு’ என்று கொட்டை எழுத்தில் வந்தால் ஊர் பாதித் தீர்ப்பு எழுதிவிடும். அந்தப் பயம் அவருக்கும் தெரியும், அவரை அழைத்து வந்தவர்களுக்கும் தெரியும்.

இன்னொன்று. அடுத்த முறை கேள்வியைக் கேட்பதற்கு முன், இன்ஸ்பெக்டரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்