பெயர் வைத்துவிட்டால் புரிந்துவிட்டதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கரும் ஆற்றல் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ‘பிரபஞ்சம் விரியக் காரணம் கரும் ஆற்றல்’ என்ற வரி சரியல்ல. பிரபஞ்சம் விரிவது 1920களிலேயே தெரிந்துவிட்டது. அதற்குக் கரும் ஆற்றல் தேவைப்படவில்லை. 1998-இல், தொலைதூர சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருப்பதாகத் தெரிந்ததை வைத்துத்தான் விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டார்கள். அந்த வேகத்தைக் கூட்டுவது எதுவோ அதற்கு வைத்த பெயர்தான் கரும் ஆற்றல். அது என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை.

கட்டுரையோ ஐன்ஸ்டீன் 1917-இல் தன் ஈர்ப்புச் சமன்பாட்டில் சேர்த்த மாறிலியே (மாறாத ஓர் எண்) விடை என்று முடித்துவிடுகிறது. வெற்றிடத்துக்கே ஓர் ஆற்றல் உண்டு என்பது அந்த மாறிலிக்கு இன்று சொல்லப்படும் அர்த்தம். பிரபஞ்சத்தில் தூரங்கள் இரு மடங்கானால் பொருளின் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். வெற்றிட ஆற்றலின் அடர்த்தி மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் முதலில் ஈர்ப்பு விரிவை மட்டுப்படுத்தியது. சுமார் 500-600 கோடி ஆண்டுகளுக்கு முன் வெற்றிடத்தின் கை ஓங்கியது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. ஆனால் குவாண்டம் கோட்பாட்டை வைத்து அந்த ஆற்றலை நேரடியாகக் கணக்கிட்டால், அளந்து கண்டதைவிடப் பல மடங்கு பெரிய எண் வருகிறது. எத்தனை மடங்கு? 1 எழுதி 120 பூஜ்ஜியம் போட வேண்டும்! இந்த முட்டுக்கட்டையைச் சொல்லாமல் விடையை மட்டும் சொல்வது நியாயமா?

காலத்தோடு மாறும் ஒரு புலம்தான் காரணம் என்னும் ‘குவின்டெசன்ஸ்’ கருத்துக்கு ஒரே வரிதான் கிடைத்திருக்கிறது. அரிசோனாவின் கிட் பீக்கில் உள்ள டெசி கருவி சுமார் 1.5 கோடி விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் (மிகப் பிரகாசமாக ஒளிரும் மண்டல மையங்கள்) அளந்து, 2025 மார்ச்சில் முடிவுகளை வெளியிட்டது. கரும் ஆற்றல் வலுவிழந்து வரலாம் என்கிறது அது. எந்த சூப்பர்நோவாத் தரவோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, அந்த முடிவின் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா வரை வருகிறது (சிக்மா கூடக்கூட, அது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும்). கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். சரி, உறுதியாகவில்லைதான். உறுதியானால் மாறிலி என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

கரும் ஆற்றலே வேண்டாம், ஈர்ப்பு விதியையே திருத்தலாம் என்பாரும் உண்டு. 2017 ஆகஸ்டில், இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பு அலை 13 கோடி ஒளியாண்டு கடந்து வந்தது. ஒளியின் ஒரு வகையான காமா கதிர்கள் அதற்கு 1.7 விநாடி மட்டுமே பின்னால் வந்து சேர்ந்தன; அதாவது இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே. ஈர்ப்பு அலைக்கும் ஒளிக்கும் வேகம் வேறு என்று கணித்திருந்த பல கோட்பாடுகள் அத்தோடு அடிபட்டுப்போயின. இதற்குத் தனிக் கட்டுரையே போடலாம்.

அப்புறம், படக்குறிப்பில் ‘கரும் ஆற்றல்’ என்பதற்குப் பதில் ‘கரும்பொருள்’ என்று அச்சாகியிருக்கிறது. கரும்பொருள் ஈர்த்துச் சேர்ப்பது, பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 27 சதவீதம். கரும் ஆற்றல் சுமார் 68 சதவீதம். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்